இரண்டாம் முறை வாசிக்கிறவர்

திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில் தினமும் சாயங்காலம் இது நடக்கும். பஸ் வந்து நிற்கும். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அந்த அக்கா கண்டக்டரிடம் கேட்பார்.

"இது விஸ்வநத்தம் போகும்ல?"

வருஷக்கணக்காக அதே பஸ், அதே கண்டக்டர். "முன்னாடி போர்டு மாட்டியிருக்குல்லக்கா."

"போர்டு மாட்டுனது நீங்களா?"

"டிரைவரு."

"அப்ப அவர்ட்டயும் ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க."

பஸ்ஸுக்குள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். டிரைவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் மற்றக் காலும் படியேறும். விருதுநகர் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் நிற்கும் நான் நான்கு வருஷம் இதைப் பார்த்தேன்.

பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் டிசைன் செக்ஷன். அவர் ப்ளேட் ரூம். என்னைவிட ஏழெட்டு மாதம்தான் மூத்தவர். ஆனாலும் பிரஸ்ஸில் எல்லாருக்கும் போல எனக்கும் அவர் 'ப்ளேட்டக்கா'. அவரோ யாரையும் வா, போ என்று பேசியதில்லை. கூட்டிப் பெருக்க வருகிற அம்மாவைக்கூட "வாங்க, நல்லா இருக்கீகளா" என்பார். மரியாதை என்று முதலில் நினைத்தேன். போகப்போக, ஆட்களைக் கிட்டே வரவிடாமல் நிறுத்தி வைப்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது என்று தோன்றியது.

நாங்கள் கம்ப்யூட்டரில் செய்து முடிக்கும் லேபிள், அலுமினியத் தகட்டில் பதிந்தால்தான் அச்சு மிஷினில் ஏறும். அந்தத் தகடுதான் ப்ளேட். அது பதிகிற அறையில் எப்போதும் ஏசி, எப்போதும் மஞ்சள் வெளிச்சம். வேறு வெளிச்சம் பட்டால் தகடு வீணாகிவிடும். மூலையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் படம் கிடையாது, மவுஸுக்கு வேலை கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். முன்பு பிரஸ்ஸில் இருந்த ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்ட புரோகிராம் அது. ஒரு எழுத்தை அடித்தால், நாங்கள் ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கும் ஃபைல்களை எழுத்து வரிசைப்படி லிஸ்ட் போட்டுக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், பக்கத்தில் பெயர், அளவு, சேமித்த நேரம். வேண்டிய நம்பரை அடித்து என்டரைத் தட்டினால் அந்த ஃபைல் ப்ளேட் மிஷினுக்குப் போய்விடும். இதுதானா, நிச்சயமா என்றெல்லாம் அது திரும்பக் கேட்காது.

திரும்பக் கேட்கிற வேலையை அக்கா எடுத்துக்கொண்டார். லிஸ்ட் வந்ததும் முதல் ஃபைலிலிருந்து கடைசி ஃபைல் வரைக்கும் வாய்விட்டு வாசிப்பார். அவருக்கு வேண்டியது மூன்றாவதாக இருந்தாலும் முப்பதாவது வரை வாசித்துத்தான் நிறுத்துவார். பிறகு ஒரு நோட்டில் எதையோ எழுதுவார். பிறகு எழுந்து வந்து, எங்கள் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவில் இருந்த கண்ணாடிக் கதவைத் தட்டுவார்.

"கைய எடுங்க!"

டிசைன் செக்ஷனில் இருந்த நான்கு பேரும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நாங்கள் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் உள்ளே போய் மறுபடியும் லிஸ்ட் எடுத்து, மறுபடியும் முதலிலிருந்து வாசிப்பார். அதற்கப்புறம்தான் நம்பர். சீசன் நேரத்தில் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது முறை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஃபைலின் பெயரை அவர் நம்பவே மாட்டார். ஒருமுறை நான் 'ஃபைனல்' என்று பெயர் வைத்து அனுப்பிவிட்டேன். கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

"இது ஃபைனல்னு யாரு சொன்னது?"

"நான்தான்க்கா. பேரே அதான."

"நேத்தும் ஒரு ஃபைனல் அனுப்புனீக. முந்தாநாளு ஃபைனல் புதுசுன்னு ஒண்ணு. எந்த ஃபைனலு செத்துச்சு, எந்த ஃபைனலு உசுரோட இருக்கு?"

பக்கத்து சீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பெயரை மாற்றி அனுப்பினேன். அவர் அதையும் இரண்டு முறை வாசித்தார்.

பிரஸ்ஸுக்கு வெளியிலும் அப்படித்தான். எங்கள் மிஷின்மேன் வீட்டுக் கல்யாணத்துக்குச் சிவகாசிக்குப் போயிருந்தோம். மண்டப வாசலில் நின்று பத்திரிகையில் இருந்த மணமக்கள் பெயரையும் வாசல் போர்டில் இருந்த பெயரையும் விரல் வைத்து ஒப்பிட்டார். உள்ளே போய் மணமேடையையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் பந்தியில் உட்கார்ந்தார். மிஷின்மேனே வாசலில் நின்று "வாங்கக்கா" என்று கும்பிட்டதெல்லாம் அவருக்குச் சாட்சியாகப் படவில்லை.

ஏன் இப்படி ஆனார் என்பதற்கு பிரஸ்ஸில் மூன்று காரணம் சொன்னார்கள். வீட்டுக்காரர் ஏமாற்றிவிட்டுப் போனார் என்று ஒருவர். மருந்துக்கடையில் மாத்திரை மாறிப்போய் அம்மாவை இழந்தார் என்று ஒருவர். பிறவியிலேயே அப்படித்தான் என்று ஒருவர். மூன்றையும் சொன்னவர்கள் நேரில் பார்த்த மாதிரி சொன்னார்கள். எதையும் நான் அவரிடம் கேட்கவில்லை.

ஒரு ஆடி மாதம் முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் பூச்சட்டிப் பட்டாசு லேபிள்கள் இரண்டு கிடந்தன. இரண்டிலும் ஒரே மயில், ஒரே தோகை விரிப்பு.

"இது நம்ம அடிச்சது. இது இன்னொரு பிரஸ்ல அடிச்சது. நம்மளுக்கு நாலு நாள் முந்தி கடைக்கு வந்துருச்சு. நம்ம மயிலு அங்கன எப்படிம்மா போச்சு?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"ஃபைலு அம்புட்டும் கடைசியா வந்து சேருறது ப்ளேட் ரூம்ல. அந்தம்மா என்னமோ நோட்டுல எளுதிக்கிட்டே இருக்காகளாமே. நீங்க கொஞ்சம் கவனிச்சுச் சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அந்த சீட்டுக்கும் வெவரமான ஆளு ஒண்ணு வேணும்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு நன்றாகவே கேட்டது. ப்ளேட் ரூமில் ஏசி உண்டு. வாடிக்கையாளர் வந்து தலைக்கு மேல் நின்றுகொண்டு 'இந்தச் சிவப்பு இன்னும் சிவப்பா வேணும்' என்று சொல்லும் தொல்லை இல்லை.

அன்றிலிருந்து அக்கா செய்த ஒவ்வொன்றும் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. நான் போனால் நோட்டை மூடினார். போன் வந்தால் வெளியே போய்ப் பேசினார். பையை நாற்காலிக்கு அடியில், காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். இதையெல்லாம் அவர் நான்கு வருஷமாகச் செய்துகொண்டுதான் இருந்தார். திருடி என்று நினைத்துப் பார்த்த பிறகு எல்லாம் திருட்டாகவே இருந்தது. 'கைய எடுங்க' என்று எங்களைத் தடுத்து வைப்பதுகூட, அந்த நேரத்தில் ஃபைலை வெளியே அனுப்பத்தானோ என்று யோசித்தேன்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார். நோட்டு மேஜை மேல் இருந்தது. உள்ளே போய் நான்கு பக்கம் போட்டோ எடுத்தேன். நேரம், நம்பர், ஃபைல் பெயர், அளவு. மறுபடி நேரம், நம்பர், பெயர், அளவு. பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக அதேதான். மயில் லேபிளின் பெயரும் ஒரு பக்கத்தில் இருந்தது. எல்லா லேபிளின் பெயரும்தான் இருந்தது. முதலாளியிடம் காட்டும்போது நான் அதைச் சொல்லவில்லை. மயில் இருந்த வரியைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தபோது நானும் அந்த அறையில் ஏதோ வேலை போல நின்றிருந்தேன்.

"இதெல்லாம் யாருக்கு எளுதி வைக்கீக?" என்றார் முதலாளி.

"எனக்குத்தான். லிஸ்ட் எடுத்த பெறகு யாராச்சும் புது ஃபைலு போட்டா, நம்பரு ஒண்ணு நகந்துரும். நான் பாத்த ஏழு, அடிக்கும்போது எட்டாயிரும். அந்தப் புரோகிராமுக்கு அது தெரியாது. பளைய நம்பர அடிச்சா வேற ஃபைலு போயிரும். ஒருக்க அப்படிப் போச்சு. அப்பவே உங்ககிட்டச் சொன்னேன்."

"நீங்க நம்பர மாத்தி அடிச்சிருப்பீகன்னு அப்பவே நானும் சொன்னேன்."

"நான் மாத்தி அடிக்கல."

"மயிலு எப்படிம்மா வெளிய போச்சு?"

"தெரியாது. எனக்குத் தெரியாதத எப்படிச் சொல்ல?"

அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அச்சான தாள்களைப் பார்த்துப் பிரிக்கும் செக்கிங் செக்ஷனுக்கு மாற்றினார்கள். தாள் கட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல். விசிறி கூட இல்லை. விசிறி போட்டால் தாள் பறக்கும். என்னிடம் சீட்டை ஒப்படைக்கும்போது ஒன்று மட்டும் சொன்னார். "ரெண்டாவது தடவ லிஸ்ட் எடுக்காம நம்பர் அடிக்காதீக." வயிற்றெரிச்சலில் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் உட்கார்ந்த முதல் நாளே 'கைய எடுங்க' வழக்கத்தை நிறுத்தினேன். டிசைன் செக்ஷனில் கைதட்டினார்கள்.

ஒன்பதாவது நாள். அச்சங்குளத்தில் இருக்கும் ஒரு கம்பெனியின் ஆர்டர். 'பென்சில்' என்று ஒரு வகைப் பட்டாசு. நீளமாக இருக்கும், நுனியில் பூப்பூவாகக் கொட்டும். அதில் சின்னது ஒன்று, பெரியது ஒன்று. சின்னதைக் கையில் பிடித்துக் கொளுத்தலாம். பெரியதில் மருந்து அதிகம். தரையில் ஊன்றித்தான் கொளுத்த வேண்டும், கையில் பிடிக்கவே கூடாது. இரண்டு லேபிளுக்கும் ஒரே படம், ஒரே வண்ணம், ஒரே அளவு. கீழே இருக்கும் எச்சரிக்கை வரி மட்டும் வேறு. அன்று காலை பெரியதுக்கு ப்ளேட் போட வேண்டும். லிஸ்ட் எடுத்தேன். பத்தாவது பென்சில் சின்னது, பதினொன்றாவது பென்சில் பெரியது. போன் அடித்தது. முதலாளி. இரண்டு நிமிடம் பேசினேன். வைத்துவிட்டுப் பதினொன்று அடித்து என்டரைத் தட்டினேன். ப்ளேட் வந்தது, மிஷினுக்குப் போனது. மறுநாள் காலையில் முதல் லோடு லேபிள்கள், அவசர ஆர்டர் என்று செக்கிங்குக்கு வராமலே, அச்சங்குளத்துக்கும் போய்விட்டன.

அந்த மத்தியானம் ப்ளேட் ரூம் கதவு திறந்தது. அக்கா நின்றார். கையில் ஒரு தாளும் ஆர்டர் சீட்டும்.

"சீட்டுல பெருசுன்னு இருக்கு. தாள்ல கையில பிடிச்சுக் கொளுத்தவும்னு இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். சின்ன பென்சிலின் எச்சரிக்கை வரி.

"எப்ப லிஸ்ட் எடுத்தீக? எப்ப நம்பர் அடிச்சீக?"

"நடுவுல ஒரு போன் வந்துச்சுக்கா. ரெண்டு நிமிசம்தான்."

அவர் டிசைன் செக்ஷனுக்குப் போய்ச் சேமித்த நேரங்களைப் பார்த்தார். அந்த இரண்டு நிமிடத்துக்குள் யாரோ ஒரு காலண்டர் ஃபைலை ஃபோல்டரில் போட்டிருந்தார்கள். அது எழுத்து வரிசையில் மேலே போய் உட்கார, அதற்குக் கீழே இருந்ததெல்லாம் ஒரு படி இறங்கிவிட்டது. பதினொன்றாம் இடத்துக்குச் சின்ன பென்சில் வந்திருந்தது. எல்லாவற்றையும் அவர் அன்று முதலாளி அறையிலேயே சொல்லியிருந்தார், இதே வார்த்தைகளில்.

திட்டுவார் என்று நின்றேன். அவர் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, "லோடு ஆட்டோ எங்கன நிக்கு?" என்றார்.

முதலாளி மதுரைக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. அச்சங்குளம் கம்பெனியிலும் எடுக்கவில்லை. பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், ஆபீஸில் யாரும் இல்லை போல. இருவரும் லோடு ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து போனோம். வழி முழுக்க அவர் டிரைவரைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார். எத்தனை கட்டு இறக்கினீக, யார் கையெழுத்துப் போட்டாக, எந்த ரூமில் வைத்தாக.

ஆலையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா தாளைக் காட்டியதும் ஒட்டுகிற கைகள் நின்றன. "ஆத்தி, பெருச கையில பிடிக்கச் சொல்லியிருக்கே" என்றார் ஒரு அம்மா. அவர்களே பெட்டிகளை எடுத்துக் கொடுத்தார்கள். ஒட்டாத லேபிள்களையும் ஒட்டிய பெட்டிகளையும் தனித்தனியாக எண்ணினோம். ஒரு பெட்டி குறைந்தது. மறுபடி எண்ணினோம். மறுபடியும் ஒன்று குறைந்தது.

சூப்பர்வைசருக்கு எரிச்சல். "ஒரு பெட்டிதானம்மா. எங்கயாச்சும் கெடக்கும்."

"அத வாங்குறவுகளுக்கு அது மட்டும்தான பெட்டி?"

"இப்ப என்ன செய்யச் சொல்றீக?"

"தேடச் சொல்றேன்."

அக்கா அங்கேயே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். சூப்பர்வைசர் அங்கும் இங்கும் நடந்தார். மர நிழல் நகர்ந்தது, அக்கா நகரவில்லை. கடைசியில் சூப்பர்வைசர் தன் பைக் பெட்டியைத் திறந்து அதை எடுத்து வந்தார். அக்கம்பக்கத்தில் கோயில் பொங்கலாம். பிள்ளைகள் கேட்டார்களாம். பெட்டியை நீட்டும்போது அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. லேபிளைத்தான் பார்த்தார். 'கையில் பிடித்துக் கொளுத்தவும்.' பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம், "எம்மகளுக்கு ஏழு வயசும்மா" என்றார்.

அக்கா பெட்டியை வாங்கி, ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு ஆட்டோவில் வைத்தார்.

திரும்பும்போது சாத்தூரில் டிரைவர் டீ குடிக்க நிறுத்தினார். அக்கா வெள்ளரிக்காய் வாங்கினார். ஏற்கனவே நறுக்கி வைத்திருந்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தன் கண் முன்னால் நறுக்கச் சொல்லி வாங்கி, பாதியை என்னிடம் நீட்டினார். நான் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா. உங்க நோட்ட போட்டோ எடுத்துக் குடுத்தது நான்தான்."

அவர் மென்றுகொண்டே கேட்டார். "எத்தன பக்கம்?"

"நாலு."

"நாலுதானா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு. எனக்கு எல்லார் மேலயுந்தான் இருக்கு. கூட்டிப் பெருக்குற அம்மா மேலயும் இருந்துச்சு. சந்தேகம் இருக்குன்னா தெரியும்னு ஆயிருமா? அதான் உங்ககிட்டக் கேக்கல."

நானும் முதலாளியும் சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவரை அந்த ஸ்டூலுக்கு அனுப்பினோம் என்பதை அவர் குத்திக்காட்டவில்லை. உப்பு மிளகாய்த்தூள் பட்ட விரலைத் துடைத்துக்கொண்டு, டிரைவரிடம் "கிளம்பலாமா" என்றார்.

மறுநாள் முதலாளியைக் கையோடு ப்ளேட் ரூமுக்குக் கூட்டிவந்தேன். லிஸ்ட் எடுத்துக் காட்டினேன். டிசைன் செக்ஷனில் சொல்லி ஒரு வெற்று ஃபைலைப் போடச் சொன்னேன். பதினொன்று அடித்தேன். பத்தாவதாக இருந்தது போனது. முதலாளி மூன்று முறை செய்து பார்க்கச் சொன்னார். போட்டோவில் மயிலை மட்டும் பெரிதாக்கிக் காட்டியதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மயில் எப்படிப் போனது என்பது ஆவணி கடைசியில் தெரிந்தது. ஆர்டர் கொடுத்த கம்பெனிக்காரரே, சீக்கிரம் எவர் முடிக்கிறாரோ முடிக்கட்டும் என்று, அந்தப் படத்தை இரண்டு பிரஸ்ஸுக்கும் கொடுத்திருக்கிறார். கேட்டதற்கு, "எம்படம்தான, யாருக்கும் குடுப்பேன்" என்றாராம். அதை விசாரிக்க ஒரு போன் போதுமாயிருந்தது. யாரும் போடவில்லை.

அக்கா பழைய சீட்டுக்குத் திரும்பினார். நான் பழைய சீட்டுக்குத் திரும்பினேன். முதலாளி அவரிடம் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. பூவும் பழமும் வாங்கி வந்து கம்ப்யூட்டர் மேல் வைத்தார். அக்கா பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் திரும்பிய முதல் நாளே கண்ணாடிக் கதவு தட்டப்பட்டது. நாங்கள் நான்கு பேரும் கையைத் தூக்கினோம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்து, "நீங்க உள்ள வாங்க" என்றார்.

போனேன். தன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்.

"நான் வாசிக்கேன். நீங்க திரையைப் பாத்துக்கிட்டே வாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னைய நம்புறீகளாக்கா?"

"இல்ல" என்றார். "என்னையும் நம்பாம பாக்க ஒரு ஆளு வேணும்ல. ஒத்தையா எம்புட்டு நாளைக்கு?"

வாசிக்க ஆரம்பித்தார். அன்று பதினாறு ஃபைல்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயரும் அளவுமாக, பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது போலச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் திரையில் ஒவ்வொரு வரியாக இறங்கினேன். எட்டுக்குப் பிறகு அவர் பத்து என்றார்.

"அக்கா, ஒம்பத விட்டுட்டீக."

அவர் நிறுத்தினார். திரும்பி என்னை ஒரு நிமிஷம் முழுதாகப் பார்த்தார். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"விட்டேனா?" என்றார். மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

நான் அந்த பிரஸ்ஸை விட்டு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒன்பதை அவர் தெரியாமல் விட்டாரா, என்னைச் சோதிக்க வேண்டுமென்றே விட்டாரா என்று இன்னும் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.